மோட்டார் கூடையில் ஓர் அடைக்கோழி

பிள்ளைகளா, நம் கோழி மோட்டார் கூடையில் அடை உட்கார்ந்த கதையை நீங்கள் இரண்டு பேரும் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் "அப்பாதான் பாவம்னு மோட்டார குடுத்துட்டாரு" என்று சொல்வது மட்டும் பொய். நான் கொடுக்கவே இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன், இனிமேல் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முட்டி வீங்கி நான் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். மோட்டார் சைக்கிள் வாசலில் சும்மா நின்றது. அதன் முன்கூடையில் என் மழைச்சட்டை சுருட்டிக் கிடந்தது. நம் செவலைக் கோழி அதைக் கவனித்திருக்கிறது. போன ஈட்டில் அது விறகுக்குப் பின்னால் தரையில் அடை உட்கார்ந்தது. பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டிலிருந்து உடும்பு வந்து ஒரு முட்டை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனது. மகளே, அன்று நீ சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

முட்டி சரியாகி வேலைக்குக் கிளம்பிய காலையில் போய்ப் பார்த்தால், கூடை நிறையக் கோழி. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தவணை கட்டியது தான்தான் என்பதுபோல என்னைப் பார்த்து உறுமியது.

"யாரு இத இங்க ஏத்தி விட்டது?"

மகனே, நீ பல் துலக்கிக்கொண்டே வந்தாய். "அதுவாத்தான் ஏறிச்சுப்பா. நாங்க பாத்தோம், அவ்ளோதான் லா."

"முட்டை இருக்கா?"

"பத்து."

எண்ணி வைத்திருக்கிறாய், ஆனால் வெறுமனே பார்த்தாயாம்.

மகளே, நீ மட்டும் சிரிக்கவில்லை. "தொடாதீங்கப்பா. ஒசரத்துல இருக்கு, உடும்பு ஏறாது. இதுவும் போச்சுன்னா நான் கோழியே வளக்க மாட்டேன்" என்றாய்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து தீர்ப்புச் சொன்னாள்: "போன தடவ வெறகுக்குப் பின்னால எடம் காட்டுனது ஒங்கப்பாதான். இந்தத் தடவ கோழியே பாத்துக்கிச்சு. விடுங்க."

அன்றிலிருந்து பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போனேன். மெர்லிமாவ் சாலை முழுக்க அவனுக்கு அதே பேச்சுதான். "அண்ணே, ரோட் டேக்ஸ் இப்ப கோழி பேர்லயா?" ஆலை வாசலில் இறங்கினால், "கோழி லீவு குடுத்துச்சா?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

கோழிக்குச் சலித்துப்போகும் என்று ஒரு வாரம் பொறுத்தேன். அடைக்கோழிக்குச் சலிப்பு என்பதே கிடையாது. தினமும் ஒரு தடவை இறங்கும். மகளே, நீ போடும் சோற்றை விழுங்கும், தண்ணீர் குடிக்கும், பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டு, மண்ணில் இரண்டு புரள் புரண்டு மறுபடி ஏறிவிடும்.

பிறகு என் வேலையைக் காட்டினேன். அடைக்கோழியைப் பகலில் இடம் மாற்றக்கூடாது, இருட்டியபின் மாற்றினால் தெரியாமல் உட்கார்ந்துகொள்ளும். அது எனக்குத் தெரியும். பலகைப் பெட்டியில் வைக்கோல் போட்டு, கோழியையும் முட்டைகளையும் அதில் வைத்து, கோணிச் சாக்கால் மூடினேன். உடும்பு எட்டாதபடி மேசைமேல் ஏற்றினேன். எல்லாம் முறைப்படிதான்.

காலையில் கோழி கூடையில் இருந்தது. ஒரு முட்டையும் இல்லாத என் மழைச்சட்டையைப் பக்தியோடு அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகள் பெட்டியில் சில்லிட்டுக் கிடந்தன.

மகளே, நீ என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். திருப்பிக் கூடையில் வைத்தோம். அன்று ஆலையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முட்டையைக் கைப்பேசி விளக்கின்மேல் வைத்துப் பார்த்தோம். செந்நூல் போல நரம்புகள். நடுவில் கறுப்பாய் ஒரு புள்ளி. அசையவில்லை.

"போச்சாப்பா?" என்றாய்.

அப்போது புள்ளி துள்ளியது. நீ போட்ட சத்தத்தில் முட்டை என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. நல்ல வேளை.

அதற்குப்பின் நான் வாயே திறக்கவில்லை. மழைச் சாரல் அடித்தபோது கூடைக்குமேல் கித்தான் கட்டியதும் நான்தான். அதையும் சொந்தக்காரர்களிடம் சொல்லலாம்.

இரண்டு கூமுட்டையாகிப் போக, எட்டுக் குஞ்சு பொரிந்தது. ஆனால் உயரத்தில் வீடு பிடித்த கோழி இறங்குவதற்கு யோசித்து வைக்கவில்லை. தான் மட்டும் தரையில் குதித்துவிட்டு "கொக் கொக், வா" என்று கூப்பிட்டது. குஞ்சுகள் கூடை விளிம்பில் ஏறி நின்று கத்தின. நீங்கள் பள்ளிக்கூடத்திலும் அம்மா சந்தையிலும் இருந்த வார நடுவில் எனக்குக் கிடைத்த ஓய்வு நாளில், எட்டையும் இறக்கிவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு குஞ்சுக்கும் தாய்க்காரி என் கையில் ஒரு கொத்து வைத்தாள். நன்றி என்பதைக் கோழி அப்படித்தான் சொல்லும் போல.

மறுநாள் மோட்டார் எனக்குத் திரும்பக் கிடைத்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பெட்டியில் கோழி படுத்திருந்தது, குஞ்சுகள் அதன் சிறகுக்குள். சாவியைப் போட்டேன். எஞ்சினை உதைக்கவில்லை. முட்டி மறுபடி வலிக்க, மோட்டாரைச் சாலை முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் உதைத்தேன்.