கலங்கல் தண்ணீரில் இரண்டு இழுப்பு

பேய், காத்து, கறுப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் வயல் சுடுகாட்டை ஒட்டி இருக்கிறது. முறைத்தண்ணீர் வந்தால் எந்த நேரமானாலும் மண்வெட்டியோடு தனியாகப் போவேன். எதுவும் வந்து என்னை யாரென்று கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் எதையும் நம்புகிற ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. சிங்கப்பூரில் கப்பலுக்கு அடியில் முங்கிப் பாசி சுரண்டுகிற வேலை பார்த்தேன். இப்போது திருவாரூர் பக்கம் சொந்த நிலத்தில் விவசாயம். முங்கத் தெரியும் என்பதால் கடலில் மீன் கணக்கெடுக்கிற குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, எல்லாரும் ஆசைக்கு வருகிறவர்கள். கோடியக்கரையிலிருந்து படகில் போனால் கடலுக்குள் ஒரு பார் இருக்கிறது. பவளப்பாறையை மீனவர்கள் பார் என்பார்கள். அதன்மேல் நீளமான டேப்பை விரித்து, அதற்கு இரண்டு பக்கமும் என்ன மீன், எத்தனை என்று பலகையில் குறித்துக்கொண்டே நீந்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் ஜோடி கலையரசி டீச்சர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் நீச்சலே கற்றுக்கொண்டார்.

டேப் முனையைப் பாறையில் கட்டிவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. வரிசை நடவுக்கு இரண்டு வரப்பிலும் ஆள் நின்று கயிறு பிடிப்பார்களே, ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு இழுப்பு இழுத்தால் இரண்டு பேரும் நகர்வார்களே, அந்தப் பழக்கம் எனக்கு. முனையை வளையமாக முடிந்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நான் நின்றுவிடுவேன். டீச்சர் டேப் உருளையோடு முன்னால் போவார். முடித்ததும் இரண்டு இழுப்பு இழுப்பார். வா என்று அர்த்தம். ஒரே ஆள் போனால் மீன் மிரளவில்லை என்று டீச்சருக்கும் அது பிடித்துப்போனது.

படகுக்காரர் காத்தமுத்து அண்ணனுக்கு இதில் தினமும் சிரிப்புதான். "என்ன மாப்ள, கடல்ல நாத்து நடப் போறியா?" என்பார்.

"நடுறேண்ணே. அறுக்க நீங்க வாங்க."

"களை எடுக்க நான் இருக்கேன்ல," என்பார் டீச்சர்.

அது தை மாதம். பெய்யக் கூடாத மழை பெய்து, அறுக்க நின்ற சம்பாவைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. ஆற்றுத் தண்ணீரெல்லாம் கடலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அன்று காலை பார் தெளிவாகத்தான் இருந்தது, இறங்கினோம். டீச்சர் போன பக்கம் கிளிமீன் கூட்டம் ஒன்று பச்சைப்பசேலென்று திரும்பியது வரைக்கும் பார்த்தேன்.

பிறகு கலங்கல் வந்தது. சுவர் சாய்வது மாதிரி வந்தது. என் கை எனக்கே தெரியவில்லை.

டேப்பை இழுத்துப் பார்த்தேன், தொய்ந்து கிடந்தது. மறுமுனையில் ஆள் இல்லை என்று புரிந்தது. டீச்சர் புதியவர். பதறினால் மூச்சு வேகமாக வாங்கும், சிலிண்டரில் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். கொஞ்ச நேரம் தேடு, இல்லாவிட்டால் மேலே வா என்பதுதான் விதி. தேடினேன், தடவினேன், கிடைக்கவில்லை. மேலே போய் ஆள் கூட்டி வரலாம் என்று காலை உதைத்தேன்.

அப்போது டேப் இறுகியது. இரண்டு இழுப்பு.

நம்பினால் நம்புங்கள், நடவு வயலில் இழுப்பது மாதிரியே நிதானமான இழுப்பு. கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு போனேன். நேராகப் போகவில்லை, பாரை விட்டு இடது பக்கம் திரும்பி மணலில் இறங்கியது. டீச்சர் இந்தப் பக்கம் ஏன் வந்தார் என்று நின்றேன், நின்றதும் மறுபடியும் இரண்டு இழுப்பு. போனேன்.

கை வலையில் முட்டியது. எந்தப் படகோ விட்டுப்போன அறுந்த நைலான் வலை. அதற்குள் டீச்சர். சிலிண்டர், கால், இரண்டு கை எல்லாவற்றிலும் சுற்றியிருந்தது. கத்தியை எடுத்து அறுத்தேன். அவர் துள்ளவில்லை, என்னைப் பிடித்து இழுக்கவில்லை, நான் அறுத்து முடிக்கிற வரைக்கும் சின்னப்பிள்ளை மாதிரி அடங்கி இருந்தார். காற்று நான் பயந்த அளவுக்குக் குறையவில்லை. சேர்ந்தே மேலே வந்தோம்.

படகில் இருந்தவர்கள் போட்ட சத்தம் கரைக்கே கேட்டிருக்கும். டீச்சர் முகமூடியைக் கழற்றியதும் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் கட்டியிருந்த பலகை அப்படியே இருந்தது.

"அண்ணே, இந்தப் பார்ல இவ்வளவு கிளிமீன நான் பாத்ததே இல்லண்ணே! எழுத இடம் பத்தல!"

"உசிரு போயிட்டு வந்திருக்கு, மீன் கணக்கு சொல்லுது பாரு," என்றார் காத்தமுத்து அண்ணன். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் என்னமோ போலிருந்தது. நானும் கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை.

அப்புறம்தான் கையைப் பார்த்தேன். "டேப்ப விட்டுட்டேன்," என்றேன்.

"எங்க விட்ட? இந்தா கெடக்கு," என்றார் காத்தமுத்து அண்ணன். "தண்ணி கலங்குன ஒடனே மெதந்துச்சு. நான்தான் எடுத்துச் சுத்தி வச்சேன்."

உருளையில் மிதவை கட்டியிருப்போம், அது மிதக்கும். ஆனால் டேப் முழுசும் அதில் சுற்றியிருந்தது. முனையில் நான் முடிந்த வளையமும் இருந்தது. என் மணிக்கட்டில் இருந்திருக்க வேண்டிய வளையம். "அப்ப ரெண்டு தடவ நீங்க இழுத்தது?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"கலங்குனதுமே கைய விட்டுப் போச்சுண்ணே. ரெண்டு கையும் வலைக்குள்ள, நான் எங்கேர்ந்து இழுக்குறது?" என்றார் டீச்சர்.

கடலுக்கு அடியில் அறுந்த கயிறு எவ்வளவோ கிடக்கும், அதில் ஒன்றைப் பிடித்திருப்பாய், நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார் காத்தமுத்து அண்ணன். இருக்கலாம். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வதுதான் வசதி.

தண்ணீர் தெளிந்ததும் குழுவாகப் போய் அந்த வலையை அறுத்துப் படகில் ஏற்றினோம். அதில் முன்னால் இறங்கியது டீச்சர்தான். கரைக்கு வந்து, குவித்துப்போட்ட வலைக்கு முன்னால் எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். டீ குடிக்கும்போது அவர் சொன்னார்:

"அன்னிக்கு நீங்க தோள்ல தட்டிக்கிட்டே இருந்தீங்கல்ல, அதாண்ணே என்னைக் காப்பாத்துச்சு. இல்லன்னா பதறி இருக்குற காத்தெல்லாம் இழுத்துத் தீத்திருப்பேன்."

"வந்தேன், அறுத்தேன். தட்டலையே டீச்சர்."

"அறுக்குறதுக்கு ரொம்ப முன்னாடிண்ணே. வலையில மாட்டுனதுலேர்ந்து. இரு, இருன்னு தட்டுனீங்க. கன்னத்துல கூட ஒரு தடவை வெறுங்கைய வச்சீங்க. கையுறைய எதுக்குக் கழட்டுனீங்கன்னு கூட யோசிச்சேன்."

கப்பல் வேலைப் பழக்கம், கையுறை இல்லாமல் நான் தண்ணீரில் இறங்குவதே இல்லை. அன்றும் படகில் ஏறிய பிறகுதான் கழற்றினேன்.

அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் அதே பாரில் அவர் இறங்க வேண்டியிருந்தது. இறங்கினார். இன்றைக்கும் இறங்குகிறார்.