நாற்பது நிமிடம்

அமெரிக்கக் கல்லூரியில் சேர அண்ணன் எழுதிய நுழைவுத் தேர்வுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் மெலிந்த யாழ்ப்பாணத்துக்காரர். பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொள்வார். மலாயாவில் அவசரகாலம் அது; காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராதபடி தோட்டங்களிலிருந்து வெளியேறுகிறவர்களைச் சோதித்தார்கள். கோலசிலாங்கூர்த் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எங்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டதால் நாற்பது நிமிடம் தாமதமாகிப் போயிற்று.

“அரிசியைத்தான் வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு அம்மா நெனச்சிட்டாங்க சார். சோத்தைக் கட்டிக் குடுத்துட்டாங்க. காட்டுல ஒளிஞ்சிருக்கவங்களுக்கான்னு கேட்டு சாவடியில நிறுத்திட்டாங்க,” என்றேன்.

“விளங்குது தம்பி. உள்ளை விடுறன். நேரம் கூட்டித் தர எனக்கு அதிகாரமில்லை.”

“நடந்ததையாவது அமெரிக்காவுக்கு எழுதி அனுப்புங்க சார்.”

“எழுதுறன். ஒரு சோத்துப் பொட்டலத்துக்கு ஆளை மறிப்பினம் எண்டு அங்கை ஆர் நம்புவினம்?”

குறித்த நேரத்தில் விடைத்தாளை வாங்கிக்கொண்டார். கணக்குப் பகுதியின் கடைசிப் பக்கத்தை அண்ணன் தொடவே இல்லை. மதிப்பெண் போதவில்லை என்று பின்னர் கடிதம் வந்தது. அண்ணன் தோட்டத்திலேயே கணக்கெழுதும் கிராணியானார்.

அந்த மனிதர் மனம் வைத்து நேரம் தந்திருக்கலாம் என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. சென்ற மாதம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்தபின், அண்ணனுக்காக நானே அதைச் சொல்லிவிடப் பார்த்தேன். வாய் வரவில்லை.