மரமாக நிற்கச் சொன்னவர்

எந்தக் கேட்டைத் திறப்பதற்கு முன்னும் மீட்டர்காரர் பேனாவால் தாழ்ப்பாளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பத்து எண்ணும் வரை நிற்பார். உள்ளே நாய் இருந்தால் அதற்குள் குரல் கொடுத்துவிடும். இருபத்தாறு வருடப் பழக்கம். சொந்த வீட்டுக் கேட்டையும் அப்படித்தான் தட்டுவார்.

"உள்ள நான் ஒருத்திதான் இருக்கேன். கடிக்க மாட்டேன், வாங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதும் வேலை அவருக்கு. சேர்ந்த முதல் வருடத்திலேயே மூன்று நாய்கள் கடித்துவிட்டன. கெண்டைக்காலில் ஒன்று, முழங்கையில் ஒன்று, மூன்றாவது எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதன் பிறகு ஒரு நாயின் பல்லும் அவர்மேல் பட்டதில்லை. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரமாக நின்றுவிட வேண்டும் என்பார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போய் நகர்ந்துவிடுமாம். அலுவலகத்தில் அவருக்கு ‘நாய் வாத்தியார்’ என்றே பெயர்.

வேலை கிடைத்து வெளியூர் போன மகள், தான் வளர்த்த குட்டி நாயை வீட்டில் விட்டுப் போனாள். உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. பெயர் பொட்டு. முதல் வாரம் அதைத் தொடவே கூசிய மனைவி, ஒரு மாதத்தில் அது காலடியில் படுக்காவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்காதவள் அவள். பொட்டுவை நடக்கக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகு, தையற்கடைக்காரியோடு நின்று பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

தெருக்கோடியில் மரக்கடை. அங்கே ஒரு பெரிய நாய், சங்கிலியில் கட்டுண்டபடி, போகிற வருகிறவர்களைப் பார்த்து உறுமும்.

"ஏங்க, அது அவுத்துக்கிட்டு வந்தா நான் என்ன செய்யறது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நான்கு காலில் நின்று உறுமிக்கொண்டே அவளை நோக்கி வந்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிச்சா கடிச்சிரும்."

"நீங்க கடிச்சா எத்தனை ஊசி போடணும்?"

"விளையாடாத. மரமா நில்லு. எது நடந்தாலும் நகராத, தானா போயிடும். நான் சொல்றதக் கேளு."

"நீங்க சொல்லி எதைக் கேக்காம இருந்திருக்கேன்?"

மூன்றாவது தடவை அவள் அசையாமல் நின்றாள். பொட்டு கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாடத்தில் அதற்கு இடமே இல்லாமல் போனது அப்போது இருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு மாடிவீட்டு மீட்டர் முன்னால் அவர் நின்றபோது மனைவியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மரக்கடைத் தச்சன்.

"சார், உடனே வாங்க."

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கை உடம்போடு ஒட்டியிருந்தது, ஒரு கையில் காய்கறிப் பை. கண் தரையில். மணிக்கட்டில் கழுத்துக்கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனையில், அவள் பாதத்தின்மேல், பொட்டு கிடந்தது.

"எங்க கடை நாய் சங்கிலிய அறுத்துக்கிட்டு வந்துருச்சு. கட்டையால அடிச்சு விரட்டிட்டேன் சார்" என்றான் தச்சன். "கயித்த விடுங்கக்கா, விடுங்கக்கான்னு கத்திக்கிட்டே ஓடியாந்தேன். காதுலயே விழல. குட்டி இவங்க காலையே சுத்திச் சுத்தி வந்துச்சு சார், ஓட வழியில்லாம."

கால்நடை மருத்துவர் தையல் போட்டுப் பார்த்தார். உச்சிவேளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே அவரிடம் சொன்னார்: "கையில இருந்த பையையாவது நடுவுல நீட்டியிருக்கலாம். கயித்த விட்டிருந்தாக்கூட ஓடித் தப்பிச்சிருக்கும். ஆளை விட்டுட்டுப் போற நாய் சின்ன நாயை விடாது சார். அசையாம நின்னது, அதைக் கட்டிப்போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

இத்தனை வருடமும் மீட்டர்காரர் நாய்களுக்கு முன்னால் தனியாகத்தான் நின்றிருக்கிறார். அவர் கையில் ஒருநாளும் கயிறு இருந்ததில்லை.

மருத்துவர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவளும் அழவில்லை, சமைத்தாள், துணி மடித்தாள், மணிக்கட்டில் கயிறு அறுத்த கோட்டுக்கு மருந்து தடவிக்கொண்டாள். நான்காம் நாள், கீரை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் நின்னது சரிதானே?"

சரி என்று சொன்னால் அது பொய். தப்பு என்று சொன்னால் அவள்மேல் பழி விழும். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ தப்பு பண்ணல. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. அது தனியா போற ஆளுக்கு. பொட்டுவ நான் நெனச்சே பாக்கல."

அவள் கீரையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சுதுங்க. கயித்த விடு, விடுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. தச்சன் கத்தினதும் நல்லாவே கேட்டுச்சு. நகராதன்னு நீங்க சொன்னீங்களேன்னு நின்னேன்."

அவள் எழுந்து போய்க் கீரையை அலசினாள்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகள் வேறு குட்டி வாங்கித் தருகிறேன் என்றதற்கு இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் சண்டையில்லை, முகம் சுளிப்பதில்லை. மூன்று வேளையும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஆனால் எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதைக்கூட அவள் வெளியில் விசாரித்துக்கொள்கிறாள், இல்லையென்றால் தானாக முடிவு செய்துகொள்கிறாள். அவரிடம் கேட்பதில்லை.