சரக்கு ஏற்றிய லாரி

முனிரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி, பலமனேர் தக்காளி மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. ஏலத்தை முடித்துவிட்டுத்தான் திருப்பதியில் இருந்த அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் அவரே திட்டியிருப்பார்.

நம் மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஓய்வு பெற்ற பொறியாளர். எதைக் கட்டுவதானாலும், அந்த இடம் சரிப்படுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வார். பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் கொஞ்ச காலம் பிடிக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, சித்தூருக்கு வெளியே தக்காளிக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்ட நினைத்தோம். நிலம் மலிவு. வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. என் பங்குக்கு வீட்டை அடமானம் வைக்கப் பேசி முடித்தாயிற்று. இடம் சரிப்படும் என்று பேங்க்கில் ஓர் அறிக்கை கேட்டார்கள். ஒரு கையெழுத்துக்காகத்தான் அவரை அழைத்தோம்.

நிலத்தில் இறங்கியவர் மண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் கார்களைப் பார்த்தார். "எல்லாரும் காருலயே வந்துக்கினு கீறீங்களே நைனா, தக்காளியும் காருலதான் வருமா?" என்றார். மறுநாள் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வேண்டும் என்றார். வெட்டிச் செலவு என்று முணுமுணுத்தபடி அனுப்பினேன்.

நிலத்துக்கு ஒரே வழி, ரயில் பாலத்துக்கு அடியில். அதில் நாங்கள் எத்தனையோ முறை போயிருக்கிறோம். லாரி போகவில்லை. மேல் வரிசைப் பெட்டிகள் பாலத்தில் இடித்து, தக்காளிச் சாறு முன்கண்ணாடியில் வழிந்தது. "ஓனரே, பெட்டிய தலைமேல தூக்கிக்கினு போலாமா?" என்று டிரைவர் கேட்டான்.

பாலத்தை உயர்த்தப் போகிறார்கள் என்று எங்களில் ஒருவர் வாதாடினார். அப்படி யாராவது எழுதிக் கொடுத்த கடுதாசி இருந்தால் காட்டச் சொன்னார் முனிரத்தினம். இல்லை. பதிவு நின்றது. வீடு இன்றும் என் பெயரில் இருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று எழுதினால் பொய். பிச்சாட்டூர் பக்கம் எனக்கு வேண்டாமென்று அவர் சொன்ன இடத்தில் வேறொருவர் கிடங்கு கட்டினார், நன்றாகவே ஓடுகிறது. ஒருநாள் குத்திக்காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஓடுமா ஓடாதான்னு சொல்ல நான் இன்னா ஜோசியக்காரனா? ஓடாம பூட்டா நீ தாங்குவியான்னுதான் பார்த்தேன். அவன் தாங்குவான். நீ தாங்கமாட்டே."

என் நிலைமை அப்போது அதுதான்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள், ரேணிகுண்டா பக்கம் ஒரு நிலம் பார்க்கப் போனோம். கூட்டாளிகள் காரில் முன்னால் போனார்கள். நான் பெட்டிகள் அடுக்கிய லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்த இருக்கைதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம்.