தலை தேய்ந்த பிடில்

கோயமுத்தூரில் பழைய பிடில்களை வாங்கி விற்கும் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருப்பார். எந்தப் பிடில் கைக்கு வந்தாலும் தந்தியைத் தொடமாட்டார். அதன் சுருண்ட தலையைத்தான் முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

பிடில் கற்றுக்கொண்டிருந்த என் மகளுடன் அவரிடம் போனேன். நீலகிரித் தோட்டத்துத் துரைமார் விற்றுவிட்டுப் போன பிடில்கள் நிறைய இருந்தன. மகள் மூலையில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அதன் தலையைத் தன் பாதத்தில் ஊன்றினாள்.

"அது துரை வாசிச்சதில்லீங்க. அவங்க நின்னுட்டு வாசிப்பாங்க. இது கால்ல வெச்சு வெச்சுத் தலை தேஞ்சிருக்குது பாருங்க. நம்ம ஊர் அம்மணி ஒருத்தங்களுதுங்க," என்றார் அவர்.

"ஏனுங்க வித்துப்போட்டாங்க?"

"ஊட்டுக்காரர் கொண்டாந்தாருங்க. அம்மணி வாசல்லயே நின்னுட்டாங்க. அவருகிட்டயே பேசி வாங்கிப்போட்டேன். அம்மணியை ஒரு வார்த்தை கேக்கலீங்க."

வேறொன்று பார்க்கலாமா என்று மகளைக் கேட்டேன். அவள் அதை விடவில்லை. அவர் பிடிலைப் பெட்டியில் வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கண்ணாலம் காச்சி ஆகி இதை விக்கோணும்னா இந்தக் கண்ணுதான் கொண்டாரோணும். நீங்களோ மாப்பிள்ளையோ வந்தா நான் வாங்க மாட்டேனுங்க."

"சரிங்க" என்றேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாசித்துக் காட்டத்தான் அதை வாங்கினோம். அதற்குப் பிறகும் அவள் வாசிப்பாளா என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. முன்பின் அறியாத அந்த மனிதர் நினைத்தார்.