கேட்டது பொந்து, வைத்தது ஜன்னல்

ஐந்து தடவை. வாசலில் லாரி கொட்டிவிட்டுப் போகும் விறகு அடுப்புக்குள் போவதற்கு முன் டெய்லரக்காவின் கையில் அத்தனை தடவை ஏறி இறங்கும். வாசலிலிருந்து கூடத்தின் வழியாகக் கொல்லைக்கு. கொல்லையில் குவித்ததை மதிலோரம் அடுக்க வேண்டும். மழை வந்தால் அங்கிருந்து தாழ்வாரத்துக்கு. தாழ்வாரத்திலிருந்து அடுப்படி மூலைக்கு. கடைசியாகத்தான் அடுப்புக்கு.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பாட்டு. போன மழைக்காலத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. கத்தரிக்கோல் நேராக ஓடவில்லை. கழுத்து கோணிப்போன ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கைக்காரி ஒருத்தி, அக்காவுக்குக் கண் மங்கிவிட்டதா என்று தெருவில் நின்று கேட்டாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. பாரம் தூக்குவதை நிறுத்தாவிட்டால் தையலை நிறுத்த வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வழி அக்காவுக்கு முன்பே தெரியும். அடுப்பு இருப்பது கொல்லைப்பக்கச் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் கூரை நீண்டு நிழல் தருகிறது. விறகை அங்கேயே செங்கல் மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்றோட விட்டால் நன்றாகக் காயும். அடுப்புக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு பொந்து இருந்தால் உட்கார்ந்தபடியே கை நீட்டி எடுக்கலாம். லாரி பின்சந்து வழியாக வந்தால் இரண்டே தடவையில் வேலை முடியும். சந்தைப் பார்த்த கொல்லை மதில் கதவை மறித்துக் கிடந்தது ஒரு மணல் குவியலும் உடைந்த சாந்துச் சட்டிகளும். அவை யாருடையவை? அக்காவின் கணவருடையவை. அவர் கொத்தனார்.

அதுதான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கை பட்டவை. யார் வீட்டில் கதவு மாற்ற வேண்டுமென்றாலும் மறுநாளே சுத்தியலோடு நிற்பார். சொந்த வீட்டில் ஒரு பொந்து கேட்டால் “பாக்கலாம்.” இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடவே இருந்த நாத்தனார், அண்ணன் நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறார், வீட்டிலுமா சுத்தியல் எடுக்க வேண்டும் என்று உருகினாள். தான் மட்டும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறோமா என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அடுத்த லாரி வந்தது. அக்கா ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. விறகு வாசலை அடைத்துக் கிடந்தது. கொத்தனாரின் ஸ்கூட்டர் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் குவியல் மேல் ஏறி இறங்கி வேலைக்கு நடந்தார். எதிர்வீட்டுக்காரர் காரணம் கேட்டபோது அக்காவே முந்திக்கொண்டு விவரமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் சுத்தியலை எடுத்தார்.

தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த அக்கா சாயங்காலம் திரும்பியபோது அடுப்படிச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. சட்டம், விளிம்பு, வழவழவென்று பூச்சு. கொத்தனார் தலையெல்லாம் சிமெண்ட்டோடு பெருமையாக நின்றார்.

“பொந்து வைக்கறதுக்கா நான் தொழில் கத்துக்கிட்டேன்? நாலு பேரு வந்தா முதல்ல என் வீட்டுச் சுவரைத்தான் பாப்பாங்க. அதான் ஜன்னலாவே வச்சிட்டேன்.”

அக்கா அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கையை உயர்த்தினார். தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. எழுந்து நின்றார். ஜன்னல் விளிம்பு மார்புக்கு நேராக இருந்தது. வெளியே அடுக்கும் விறகில் மேல்வரிசை மட்டும்தான் எட்டும். அது தீர்ந்ததும் மிச்சத்துக்குப் பழையபடி கொல்லையைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும்.

“வெளிச்சமாவது நல்லா வருதுல்ல அண்ணி” என்றாள் நாத்தனார்.

“வெளிச்சத்தப் பத்தவச்சா சோறு வேகுமா?”

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“நான் ஒரு சட்டை தைக்கணும்னா போடப்போற ஆளை நிக்கவச்சு அளவெடுக்கறேன். இதுக்கு நீங்க யாரை அளந்தீங்க?”

கொத்தனார் ஜன்னலைப் பார்த்தார். விளிம்பு அவருடைய இடுப்புக்கு வாகாக இருந்தது. ஊரில் யார் வீட்டிலும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. ஜன்னல் என்றால் இந்த உயரம், அவ்வளவுதான்.

அக்கா மறுபடி முக்காலியில் உட்கார்ந்து, வலிக்காத அளவுக்குக் கையை நீட்டி, சுவரில் விரலை வைத்தார்.

“இங்க கோடு போடுங்க. இதுக்கு மேல ஒரு விரக்கடைகூட வேண்டாம்.”

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குனிந்து கோடு போட்டார்.

புதுப்பூச்சு இன்னும் காயவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கோட்டிலிருந்து தரைவரை சுவரை உடைக்கிறார்கள்; அதுவரை வாசல் விறகைக் கொல்லைக்குச் சுமப்பது கொத்தனார்.