இரண்டாவது வலை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படியிருந்தும் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் என் நர்சரியைத் தெரியாதவர்கள் கிடையாது. கூடுவாஞ்சேரி வரைக்கும் புது லேஅவுட்டுகளில் நிற்கிற செடிகளில் பாதி என் கைபட்டவை. இதைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது எழுதுவது லேசில் சொல்ல வாய் வராத விஷயம்.

போன கோடையில் வெயிலுக்குப் பயந்து, மிளகாய் நாற்றுக் கொட்டகையின் பச்சை வலைக்கு மேல் இன்னொரு வலையை நானே ஏறிக் கட்டினேன். பத்து நாளில் நாற்றெல்லாம் நெடுநெடுவென்று வெளுத்து, நூல் மாதிரி சாய்ந்துவிட்டது. உரம் மிஞ்சினாலும் நாற்று இப்படி நெட்டையாகும்; யூரியாவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கொட்ட வேறு யார் இருக்கிறார்கள்? பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, ஆறு வருஷமாக நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற அம்மாதான்.

அன்று ஞாயிறு. பக்கத்து சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு செடி வாங்க வருகிற கூட்டம் நின்றிருந்தது. அந்த அம்மாவும் அதே சபைதான். அவர்கள் முன்னால்தான் கேட்டேன்.

"யாரைக் கேட்டு யூரியா போட்ட? திருட்டு வேலையா பண்ற?"

"நான் போடல அண்ணா. மேல ரெண்டாவது வலை கட்டினதுலேர்ந்துதான்..."

"முப்பது வருஷமா மண்ணுல கிடக்கிறவன்கிட்டயே பாடம் எடுக்கிறியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா தண்ணீர் டியூபைக் கீழே போட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

சில வாரம் கழித்து, தாவரப் பாடம் எடுத்து ரிட்டயரான டீச்சர் ஒருவர் வந்தார். மிச்சமிருந்த நாற்றைப் பார்த்ததுமே, வெளிச்சம் பத்தவில்லை என்றார். நான் யூரியா கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். செடிக்குள் ஒரு புரதம், தண்டை நீளு நீளு என்று விரட்டுமாம். வெளிச்சம் பட்டால் செடியே அதற்கு அடையாளம் ஒட்டி, நிமிஷக் கணக்கில் உடைத்துப்போடுமாம். நிழலில் அதை உடைப்பது குறைந்துவிடும், அது சேர்ந்துகொண்டே போகும். பச்சை பிடிக்கச் சொல்கிற வேறொரு புரதத்துக்கு நேர்மாறு: இருட்டில்தான் அது உடைபடும். வெளிச்சத்தைத் தேடி ஓடுகிற ஓட்டம்தான் அந்த நெட்டை என்றார்.

நம்பவில்லை. ஒரே விதை, ஒரே மண், யூரியா ஒரு சிட்டிகை கூட இல்லாமல் இரண்டு நாற்றுத் தட்டு போட்டேன். ஒன்று ஒற்றை வலையில், ஒன்று இரட்டை வலையில். முதல் தட்டில் குட்டையாக, கரும்பச்சையாக வந்தது. அடுத்ததில் அதே நூல்.

தப்பைச் சொல்லாமல், வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. கடைசியில் இரண்டு தட்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு பம்மலுக்குப் போனேன். அந்த அம்மா ஒரு பட்டறையில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். தட்டுகளைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"இதைத்தானே அண்ணா அன்னிக்கு சொல்ல வந்தேன்."

மன்னிச்சுக்கம்மா என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நீங்க திருட்டுன்னு சொன்னதுலேர்ந்து சபையில என் பக்கத்துல உக்காரவே யோசிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு அதே கூட்டம். தட்டுகளை மேஜைமேல் வைத்தேன். "முப்பது வருஷமா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். யூரியா யாரும் போடவில்லை, வலை கட்டியது நான், அந்த அம்மா சொன்னதுதான் சரி என்றேன். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கேட்டுக்கு வெளியே பைபிள் பையோடு அந்த அம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேரே கொட்டகைக்குப் போய் மேலே அண்ணாந்து பார்த்தார். ஒரு வலைதான் இருந்தது. பார்த்துவிட்டு, தன் சபைக்காரர்களோடு பேசிக்கொண்டே போய்விட்டார்.